டிஸ்கைக் குப்பையில் போடுவதற்கு முன் வளையத்தைப் பாருங்கள்

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். வீட்டில் பழைய டெஸ்க்டொப் ஒன்று, வின்டோஸ் 7. குடும்பப் போட்டோக்கள், மகளின் கல்யாண வீடியோ, தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரங்களை ஸ்கேன் பண்ணி வைத்தவை, எல்லாவற்றையும் டிவிடியில் அடித்துப் பத்திரப்படுத்தப் பார்க்கிறார். 50 டிஸ்க் உள்ள கட்டு ஒன்று வாங்கி, இதுவரை 11 பாழ். அதில் 5 டிஸ்க், தொடங்கிய கையோடு 'பவர் கேலிப்ரேஷன் எரர்' என்று சொல்லி வெளியே வந்துவிட்டன. 4 டிஸ்க் பாதி தாண்டிப் போய் நின்றுவிட்டன. மிச்சம் 2, முடிந்தது என்று காட்டிய பிறகும், தம்பி வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டால் வெறும் டிஸ்க் என்கிறது. "ரைட்டரை மாத்துறதா, டிஸ்க மாத்துறதா, இல்ல கொம்பியூட்டரையே மாத்துறதா?" என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் டீச்சர். உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் குழப்பம். தலைவலி, வயிற்றுவலி, கால்வலி மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை கேட்டால் டிஸ்பென்சரி ஐயா என்ன சொல்வார்? ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் 20 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். "டிஸ்க் அடிக்குது இல்ல" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ரைட்டரை ஏற்கெனவே ஒரு தடவை மாற்றிவிட்டுத்தான் வருவார்கள். புது ரைட்டரிலும் அதே வியாதி இருக்கும்.

பாழான டிஸ்குகளை வீசியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நம் பக்கத்தில் அவை போஞ்சிப் பந்தலில் குருவி விரட்டத் தொங்கிக்கொண்டிருக்கும். தொங்கினாலும் பரவாயில்லை, அவிழ்த்து எடுத்து வாருங்கள். டிஸ்கின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். நடுத் துவாரத்தைச் சுற்றி ஒரு வளையம் சற்றே கருமையாகத் தெரியும். அதுதான் எழுதப்பட்ட பகுதி. அதற்கு வெளியே உள்ள இடம் நிறம் மாறாமல் இருக்கும். டிவிடியில் எழுத்து உள்ளே தொடங்கி வெளியே போகிறது, பழைய இசைத்தட்டுக்கு நேர் எதிர். ஆகவே கரு வளையம் எங்கே முடிகிறதோ அங்கேதான் வேலை நின்றது. ஸ்கூல் பெட்டியில் உள்ள அடிமட்டத்தை வைத்து டிஸ்கின் மையத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, உறையின் மேல் எழுதுங்கள். தரவு எழுதும் இடம் மையத்திலிருந்து சுமார் 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. வெளிச்சுற்று பெரியது என்பதால் கணக்கு நேராக வராது: 60 சதவீதத்தில் நின்ற டிஸ்கில் கோடு 47 மில்லிமீட்டர் அருகே இருக்கும்.

இந்த ஓர் அளவு பல விஷயங்களைச் சொல்லிவிடும். அதற்கு முன் சுலபமான கோளாறை முடித்துவிடுவோம்.

முடிந்தது என்று சொல்லியும் திறக்காத அந்த 2 டிஸ்க். அவை பெரும்பாலும் பாழாகவில்லை. வெறும் டிஸ்கைப் போட்டதும் வின்டோஸ் 7 ஒரு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி பிளாஷ் டிரைவ் மாதிரிப் பாவிக்கப் போகிறீர்களா, இல்லை சீடி டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று. அவசரத்தில் எல்லோரும் முதலாவதில் விட்டுவிடுவோம். அந்த முறையில் பைல்கள் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கடைசியில் 'செஷன்', அதாவது அந்தத் தடவை எழுதிய பகுதி, மூடப்பட்டால்தான் வேறு இயந்திரங்கள் டிஸ்கைப் படிக்கும். வழக்கமாக வெளியே எடுக்கும்போது வின்டோஸ் தானாகவே மூடும். ஆனால் மூடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலோ, பொறுமை கெட்டு ரைட்டர் பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்தாலோ, மூடாமலே டிஸ்க் கைக்கு வந்துவிடும். உங்கள் கொம்பியூட்டரிலேயே அவற்றைத் திரும்பப் போட்டு, கொம்பியூட்டர் சாளரத்தில் அந்த டிரைவைத் தெரிவு செய்தால் மேலே 'குளோஸ் செஷன்' என்று இருக்கும். அதை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய் வாருங்கள். அடுத்த தடவையிலிருந்து இரண்டாவது விருப்பம், பிளேயருக்கு உரியது. வருஷக்கணக்கில் வைக்கிற டிஸ்குக்கு அதுதான் ஏற்றது.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, தமிழில் பைலுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கே உரியது. டிஸ்கில் ஜோலியட் என்ற முறையில் எழுதினால் ஒரு பைலின் பெயர் 64 குறிகளுக்குள் நிற்க வேண்டும். கிருஷ்ணவேணி என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. கொம்பியூட்டருக்கோ கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனி. அதன் கணக்கில் 11. "கிருஷ்ணவேணி கல்யாணத்தில் அப்பாயியும் அம்மாயியும்" என்று ஆசையாகப் பெயர் வைத்தால் எல்லைக்குக் கிட்டப் போய்விட்டது, இரண்டு சொல் கூடினால் தாண்டிவிடும். சில புரோகிராம் வாலை வெட்டும், சில அடம்பிடித்து நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களிலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. வேர்ட் புரோகிராம் முதல் வரியையே பைலுக்குப் பெயராகப் போட்டிருக்கும். பாமினியில் நாம் புள்ளி வைக்க அடிக்கிற விசை, உண்மையில் ஆங்கில அரைப்புள்ளி. வின்டோஸ் பைல் பெயரில் அதை விடும், ஜோலியட் விடாது. ஆகவே அடிப்பதற்கு முன் பெயர்களைக் குறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் யுடிஎப் என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். யுடிஎப்பில் நீண்ட பெயரும் போகும், 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி வீடியோ பைலும் போகும்.

இனி அந்த 5 டிஸ்க். பவர் கேலிப்ரேஷன் என்றதும் பலர் கரண்டைச் சந்தேகிக்கிறார்கள். இங்கே பவர் என்பது லேசர் ஒளியின் வலு. எரிப்பது என்று சொல்கிறோமே தவிர அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. டிஸ்குக்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது; லேசர் பட்ட இடத்தில் சாயத்தின் தன்மை மாறுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு வலுவில் அடித்தால் இந்தச் சாயம் சரியாக மாறும் என்பது கொம்பெனிக்குக் கொம்பெனி வித்தியாசம். அதனால் ரைட்டர் வேலை தொடங்கும் முன், நடுத் துவாரத்துக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒதுக்கிய ஓர் இடத்தில் கூட்டிக் குறைத்து அடித்துப் பார்க்கும். எந்த வலுவிலும் சரியான அடையாளம் விழவில்லை என்றால் கையை விரித்துவிடும். அந்தக் கைவிரிப்புத்தான் உங்களுக்கு வருகிற எரர். அடிப்பக்கத்தைப் பார்த்தால் கரு வளையமே இருக்காது.

காரணம் லென்ஸில் இருக்கலாம், டிஸ்கில் இருக்கலாம், லேசர் கிழண்டுபோயும் இருக்கலாம். கொழும்புக்காரனைக் கேட்டால் டிஸ்க்தான் என்பான். நம் ஊரில் நான் முதலில் லென்ஸைப் பார்ப்பேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். அதற்குக் கீழே மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கமெல்லாம் மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த கொம்பியூட்டர் உள்ள அறையில், காலையில் கேத்தல் கொதித்து ஆவி பரவினால் மூக்குக் கண்ணாடியில் படிவது போல அந்தக் குட்டி லென்ஸிலும் பனி படியும். ஆவி போனபின் தூசு மிஞ்சும். அதற்கு மேல் விறகடுப்புப் புகை. அதற்கும் மேல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாமி மாடத்துக்குக் கீழேயே கொம்பியூட்டர் மேசை வைத்திருக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

பனிக்கு மருந்து சுலபம். கொம்பியூட்டரைப் போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டு உள்ளே சூடேறிய பிறகு அடிப்பது. டிஸ்குகளும் அதே அறையில் இருக்கட்டும். ஈரம் இழுக்கும் என்று சிலர் டிஸ்கை அரிசி டப்பாவில் புதைத்து வைக்கிறார்கள். வேண்டாம், அரிசி மாவு டிஸ்கில் ஒட்டி நேரே லென்ஸுக்குப் போகும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலம் போதும்.

அழுக்குக்கு மருந்து கொஞ்சம் கவனம் வேண்டியது. லெப்டொப்பில் உள்ள மெல்லிய ரைட்டர் என்றால் தட்டை இழுத்ததும் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும், நெத்திலிக் கண் அளவில். பட்டரியையும் வயரையும் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோலை ஈரமும் இல்லாமல் காயவும் இல்லாமல் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று. லென்ஸ் நூல்போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போய்விடும். கடை தொடங்கிய புதிதில் நான் கையில் அகப்பட்ட ஓடிக்கொலோனால் துடைத்தேன். வாசமாகத்தான் இருந்தது. காய்ந்ததும் லென்ஸில் ஒரு படை; வாடிக்கையாளருக்கு என் காசில் புது ரைட்டர் வாங்கிக் கொடுத்தேன். உங்களுடைய டெஸ்க்டொப் ரைட்டரில் லென்ஸ் உள்ளே ஒளிந்திருக்கும். பிரித்துப் பழக்கமில்லாதவர் பிரிக்க வேண்டாம், சின்னத் தூரிகை பொருத்திய கிளீனர் டிஸ்கை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை ஓட விடுங்கள். மூடி திறந்த ரைட்டரை கரண்டில் மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

"பாட்டு சீடி எல்லாம் நல்லாத்தானே ஓடுது, பிறகு எப்படி லேசர் போயிருக்கும்?" என்று கேட்பார்கள். சீடிக்கு ஒரு லேசர், 780 நானோமீட்டர். டிவிடிக்கு வேறு லேசர், 650 நானோமீட்டர். ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருக்கும். டிவிடி படம் ஓடுகிறது என்பதும் சாட்சியாகாது. படிக்கத் தேவைப்படுகிற ஒளியைவிட எழுதத் தேவைப்படுவது பல மடங்கு. கிழண்ட லேசர் படிக்கும், எழுதாது. லென்ஸைத் துடைத்து, நல்ல டிஸ்கும் போட்டு, அப்போதும் அதே எரர் என்றால் அந்த ரைட்டரின் காலம் முடிந்தது. அப்போது மாற்றுங்கள், நானே மாற்றச் சொல்வேன்.

நல்ல டிஸ்க் எது என்பது பெரிய கதை. உறையில் உள்ள பெயரும் டிஸ்கைச் செய்த தொழிற்சாலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இம்ஜ்பேர்ன் என்ற இலவசப் புரோகிராமில் வெறும் டிஸ்கைப் போட்டால் வலப்பக்கம் செய்தவனின் குறியீட்டைக் காட்டும், அதுதான் டிஸ்கின் உண்மையான பிறப்புச் சான்றிதழ். ஒரு காலத்தில் ஜப்பானின் தாயோ யூடென் என்றால் கண்ணை மூடி வாங்குவோம். 2015 முடிவோடு அவர்கள் டிஸ்க் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். வெர்பேட்டிம் மிட்சுபிஷி கெமிக்கல் கையில் இருந்தது. 2019ல் தாய்வானின் சிஎம்சி மெக்னெடிக்ஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே பழைய நல்ல பெயரை மட்டும் நம்பி 50 டிஸ்க் கட்டு வாங்காதீர்கள். 5 வாங்குங்கள், அடித்துப் பாருங்கள், ஒத்துவந்தால் அதே குறியீட்டில் இன்னும் வாங்குங்கள். உங்களிடம் இருக்கிற மிச்ச 39ஐப் பற்றி இப்போது தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேறு குறியீடு உள்ள 2 டிஸ்கை வாங்கி உங்கள் ரைட்டரில் அடியுங்கள். அவை ஏறி இவை மட்டும் ஏறாவிட்டால், கடைக்காரரோடு பேச வேண்டியதுதான்.

பாதியில் நின்ற 4 டிஸ்குக்கு வருவோம். அடிமட்டம் உதவப் போவது இங்கேதான்.

நாலு டிஸ்கிலும் ஒரே பைல்களை அடித்து, நாலிலும் கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் ரைட்டரையும் டிஸ்கையும் விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்கைப் பாருங்கள். அந்த இடத்தில் ஏற வேண்டிய பைல் ஒன்றை ஹார்ட் டிஸ்கால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததை ரைட்டர் எப்படி எழுதும்? சோதிக்க டிஸ்கே தேவையில்லை. அந்த போல்டரை அப்படியே இன்னோர் இடத்துக்குக் கொப்பி பண்ணிப் பாருங்கள், முடிந்தால் வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்குக்கு. ஒரு பைலில் வந்ததும் பச்சைக் கோடு அசையாமல் நின்று, உள்ளே 'கடக் கடக்' என்று சத்தம் வந்து, 'சைக்கிளிக் ரிடன்டன்சி செக்' என்று எரர் காட்டினால் அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க் பழுது. அப்போது டிவிடி அடிக்கிற வேலையை அன்றோடு நிறுத்துங்கள். படிக்க முடிகிற எல்லாவற்றையும், பத்திரங்களை முதலில், வீடியோவைக் கடைசியில், வேறு ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள். பெரிய வீடியோவில் இழுபட்டுக்கொண்டிருக்கையிலேயே ஹார்ட் டிஸ்க் முழுசாகப் படுத்துவிட்டதை இரண்டு மூன்று தடவை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் 4 டிஸ்கும் பாழானது இதைக் காட்டிக் கொடுக்கத்தான் என்றால், அந்த நட்டம் பெரிதில்லை.

அடிக்கிற பைல்கள் வேறு வேறாக இருந்தும் கோடு எப்போதும் 55 மில்லிமீட்டருக்கு மேலே, விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா? அது டிஸ்கின் விளிம்புத் தரமும் வேகமும் சேர்ந்து செய்கிற வேலை. மலிவான டிஸ்கில் சாயம் விளிம்பில்தான் ஒழுங்கில்லாமல் இருக்கும். 16 மடங்கு என்று போட்டிருக்கிற வேகத்தை ரைட்டர் எட்டுவதும் அந்த விளிம்பில்தான். ஒரு மடங்கு என்பது விநாடிக்கு 1,385 கிலோபைட். 16 மடங்கில் ஒரு டிஸ்க் ஐந்தாறு நிமிஷத்தில் முடியும், 4 மடங்கில் கால் மணி நேரம் ஆகும். இத்தனை வருஷம் காத்திருந்த கல்யாண வீடியோ இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்கும், 4 அல்லது 8 மடங்கில் அடியுங்கள். அதற்கும் கீழே இறக்க வேண்டியதில்லை, வேகமான டிஸ்குகள் மிக மெதுவான எழுத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்னொன்று, உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் வின்டோஸ் கணக்கில் 4.37தான், ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதும் 1,024 ஆக எண்ணுவதும் தருகிற வித்தியாசம் அது. நான் எப்போதும் 4 ஜிபியோடு நிறுத்திவிடுவேன். விளிம்பு சும்மா கிடக்கட்டும். சி டிரைவிலும் குறைந்தது அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் வின்டோஸ் முதலில் அங்கே ஒரு கொப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் டிஸ்குக்குப் போகும்.

கோடு ஒரு டிஸ்கில் 38ல், ஒன்றில் 50ல், ஒன்றில் 44ல் என்று முறையில்லாமல் நிற்கிறதா? அப்படியென்றால் எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று யோசியுங்கள்.

டிக்கோயா பக்கத் தோட்டம் ஒன்றில் ஒரு கணக்கப்பிள்ளை ஐயா இருந்தார். "தம்பி, பகல்ல நல்லா அடிக்குது. பொழுது சாஞ்சா ஒன்னும் சரிவர்றதில்ல. முனி கினி புகுந்திருச்சா தெரியல" என்று வந்தார். குவார்ட்டர்ஸுக்கே போய் மீட்டரைப் பிளக்கில் குத்தினேன். பின்னேரம் 4 மணிக்கு 226 வோல்ட். அவர் வீட்டு அம்மா தந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆறரைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, கேத்தல், ரைஸ் குக்கர். மீட்டர் 191க்கு இறங்கியது. முன்விறாந்தை பல்ப் மஞ்சளாகி மங்குவது கண்ணுக்கே தெரிந்தது. 230 வர வேண்டிய இடத்தில் 191 வந்தாலும் நல்ல பவர் சப்ளை தாங்கிவிடும். அவருடையது மலிவானது; பிரித்துப் பார்த்தால் கெப்பாசிட்டர் இரண்டு பணியாரம் போல உப்பியிருந்தது. ரைட்டரின் மோட்டருக்கு 12 வோல்ட், மற்ற வேலைகளுக்கு 5 வோல்ட். அடித்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒன்று தள்ளாடினால் போதும், டிஸ்க் அங்கேயே நிற்கும். பவர் சப்ளையை மாற்றியதோடு முனி ஓடிவிட்டது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் காசு செலவழிக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 2 மணிக்கு அடித்துப் பாருங்கள்.

நேரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் ரைட்டருக்குப் போகிற சாட்டா வயரைக் கழற்றி வேறு வயர் போடுங்கள், வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். அடிக்கும்போது வைரஸ் கார்ட் முழுச் சோதனையில் இறங்காமலும் கொம்பியூட்டர் தூக்கத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் வாசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: ரைட்டர் ஆமை வேகத்தில் போய் மவுஸ்கூட நகராமல் இழுத்தால், வின்டோஸ் அதை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற பழைய முறைக்கு இறக்கிவிட்டிருக்கும். டிவைஸ் மெனேஜரில் அந்த ஐடிஇ சனலை நீக்கிவிட்டு மறுபடி தொடக்கினால் பழையபடி ஏறிக்கொள்ளும். லெப்டொப்பில் யுஎஸ்பி ரைட்டர் மாட்டுகிறவர்களுக்கும் இதே முறையில்லாத நிறுத்தம் வரும். ஒரு யுஎஸ்பி 2 துளை தரக்கூடியது 500 மில்லி அம்பியர், எழுதும்போது ரைட்டர் அதற்கு மேலே கேட்கும். இரண்டு தலை உள்ள வயரை இரண்டு துளையிலும் மாட்டினால் சரியாகும். ஹப் வேண்டாம்.

டீச்சர், சோதனை எல்லாவற்றுக்கும் புது டிஸ்கைப் பலி கொடுக்காதீர்கள். டிவிடி ஆர்டபிள்யூ ஒன்று வாங்குங்கள், அழித்து அழித்து எழுதலாம். உறையில் டிவிடி -ஆர் என்று போட்டிருக்கிற மைனஸ் ஆர் டிஸ்கில் இம்ஜ்பேர்னின் 'டெஸ்ட் மோட்' லேசரைக் கூட்டாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். டிவிடி +ஆர் என்று போட்டிருக்கிற பிளஸ் ஆர் டிஸ்கில் அந்த வசதி கிடையாது. 'வெரிபை' என்ற கட்டத்தில் சரி போட மறக்காதீர்கள். அடித்து முடிந்ததும் எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் தாத்தாவின் பத்திரம் டிஸ்கில் இருக்கிறதா என்பது அன்றே தெரிந்துவிடும்.

அந்தப் பத்திரங்கள் இருக்கிற டிஸ்கை இரண்டு அடியுங்கள், ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். மேலே எழுத போல்பேனா வேண்டாம், டிஸ்குக்கென்று விற்கிற மார்க்கரால் எழுதுங்கள். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆடும். 1948ல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன நாளிலிருந்து நம் வீடுகளில் ஒரு துண்டுக் கடதாசி என்ன பெறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்தன. ஒரே வீட்டின் ஒரே அலுமாரியில் இருக்கிற எத்தனை கொப்பியும் ஒரு கொப்பிதான். டிஸ்கை மட்டும் நம்பவும் வேண்டாம், ஹார்ட் டிஸ்கில் ஒரு கொப்பி இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற நேரத்தில், எல்லா டிஸ்கையும் ஒரு முறை போட்டுத் திறந்து பாருங்கள்.

முதல் வேலையாக அந்த 4 டிஸ்கையும் அளந்து, போல்டரைக் கொப்பி பண்ணிப் பாருங்கள். லென்ஸ் பிறகு. எல்லாம் செய்தும் நின்றால் திரும்ப எழுதுங்கள். கோடு எத்தனை மில்லிமீட்டரில் நின்றது, அடித்தது எத்தனை மணிக்கு, இம்ஜ்பேர்ன் காட்டுகிற டிஸ்க் குறியீடு என்ன, இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் போதும்.